கும்பகர்ண வீணையும் நவமிப் பாயசமும்

“எங்காத்துல பாத்திரம்னு ஒண்ணு கிடையாது ஓய். இருக்கறது அத்தனையும் வாத்தியமாக்கும். ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி, அது வெறும் கரண்டிதான்னு யாராவது காட்டிக் குடுத்துடட்டும். காதை அறுத்து இந்த மேஜையில வெச்சுட்டுப் போறேன்.”

கரமனை அக்ரகாரத்துச் ‘சமூகம்’ என்கிற சங்கத்தின் கமிட்டிக் கூட்டத்தில் சேஷன் இப்படி முழங்கியதற்கான காரணம் மிகச் சிறியது. நவராத்திரிச் சமாராதனைக்குப் பாயசம் வைக்க ஒரு பெரிய உருளி இரவல் கிடைக்குமா என்று காரியதரிசி கல்யாணராமன் கேட்டிருந்தார். சமூகத்துக்குச் சொந்தமான உருளி விரிசல் விட்டுவிட்டது. சேஷன் வீட்டில் ஒரு வெண்கல உருளி இருப்பது தெருவுக்கே தெரியும். உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தையில் முடியவேண்டிய விஷயம். ஆனால் மகான்களிடம் மணி என்ன என்று கேட்டால் காலத்தின் தத்துவத்தைத்தான் சொல்வார்கள்.

சேஷனின் காதை வைத்துக்கொண்டு கமிட்டி என்ன செய்யும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அந்தக் காது இப்போது இருக்கும் இடத்திலேயே பெரிய உபயோகமாக இல்லை என்பது தெருவின் பொதுவான அபிப்பிராயம்.

சேஷன் யார் என்று தெரியாமலே திருவனந்தபுரத்தில் பல லட்சம் பேர் வாழ்கிறார்கள். அது அவர்களுடைய துரதிர்ஷ்டம் என்று சேஷனும், அதிர்ஷ்டம் என்று அவருடைய அண்டை வீட்டாரும் கருதுகிறார்கள். தண்ணீர் சம்பந்தப்பட்ட ஓர் அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குழாய் பதிப்பது, குழாய் உடைவது, உடைந்த குழாய்க்கு விளக்கம் கேட்பது, வந்த விளக்கத்துக்கு மேல்விளக்கம் கேட்பது என்று சர்வீஸ் முழுவதும் குழாய்களைப் பற்றியே எழுதித் தள்ளினார். ஆனால் ஒரு குழாயையும் கையால் தொட்டதில்லை. அதற்கெல்லாம் கீழே ஆட்கள் இருந்தார்கள்.

ஓய்வு பெற்ற வருஷம் வீட்டுக் குளியலறையில் குழாய் மாற்றினார்கள். மிச்சம் கிடந்த பிவிசி துண்டு ஒன்றுக்குள் கரப்பான் பூச்சி புகுந்துகொண்டது. சேஷன் காலிலிருந்த ஹவாய்ச் செருப்பைக் கழற்றிக் குழாயின் வாயில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். ‘பும்’ என்று ஓசை எழுந்தது. கரப்பான் மறுபக்கமாக வெளியேறி உயிர் பிழைத்தது. சேஷன்தான் பிழைக்கவில்லை. அந்தப் ‘பும்’மில் அவர் மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தைக் கேட்டுவிட்டார்.

மறுநாளே சாலைக் கம்போளத்துக்குப் போனார். அங்கே குழாய்க் கடையில் நிற்கும் பால்பாண்டி தென்காசிப் பக்கத்துக்காரன். வாங்க வருகிறவர்கள் இஞ்சுக் கணக்குச் சொல்வார்கள், அதிகம் போனால் வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்கள். சேஷன் செருப்பைக் கழற்றி ஒவ்வொரு குழாயாக அறைந்து, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டே போனார். பால்பாண்டி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

“குழாய் என்ன தப்பு பண்ணிச்சுன்னு அதப் போட்டு இந்த அடி அடிக்கிய சாமி?”

தண்ணீர் போக வேண்டியதில்லை, நாதம் போனால் போதும் என்று சேஷன் விளக்கினார். பால்பாண்டி முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, நாதம் போகிற குழாய்க்குக் கம்பெனி கியாரண்டி கிடையாது, ஒழுகினால் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லி, அவர் கேட்ட நீளங்களில் அறுத்துக் கொடுத்தான்.

பழைய கட்டில் சட்டம் ஒன்றில் குழாய்களை வரிசையாகக் கட்டியதும் முதல் வாத்தியம் தயாராயிற்று. இரண்டு கையிலும் இரண்டு செருப்பை வைத்துக்கொண்டு குழாய் வாய்களில் அறைந்து வாசிக்க வேண்டும். அதற்குச் ‘சேஷதரங்கம்’ என்று பெயர் வைத்தார். தன் பெயரை முழுதாக வைக்காமல் பாதியோடு நிறுத்திக்கொண்டதை அவர் அடக்கம் என்று சொல்வதுண்டு. சுருதி சேர்ந்ததோ இல்லையோ, அதன்பின் வாத்தியங்கள் சேர்ந்தன. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் ஜனங்கள் விக்கினம் தீரத் தேங்காய் உடைக்கும் இடத்தில் இவர் குனிந்து நல்ல சிரட்டையாகப் பொறுக்கினார். எல்லாம் சில்லுச் சில்லாகச் சிதறிக் கிடப்பதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நிதானமாக உடைத்தால் என்ன என்று பக்தர்களிடம் குறைப்பட்டும் கொண்டார்.

பிறகு அவர் பார்வை அடுக்களைப் பக்கம் திரும்பியது.

அங்கே அவருடைய மனைவி ஜெயலக்ஷ்மியின் ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது. அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கொடுக்கப்பட்டது எது, நிரூபிக்க வேண்டியது எது என்று எதையும் முதலில் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேசுவாள். அப்படிப்பட்டவளுடைய ராஜ்யத்தில் முதலில் இட்லித் தட்டுகள் பறிபோயின. அவற்றைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் கோயில் சேகண்டி மாதிரி கேட்கும். அடுத்தது குக்கர். அதன் மூடியில் சைக்கிள் பம்பைப் பொருத்தி, விசில் குண்டை மாற்றி மாற்றிப் போட்டு ‘குக்கர் நாயனம்’ ஆக்கினார். காப்பி பில்டருக்குள் மிளகு போய்க் கிலுகிலுப்பை ஆயிற்று. தேங்காய்த் துருவியின் பல்லில் ஸ்பூனை இழுத்தால் தவளை கத்தியது. குளியலறை வாளியில் ஒரு கம்பி ஏறியது. நீளக் கரண்டியின் காம்பில் சலங்கை ஏறியது. இவை எதையும் ஜெயலக்ஷ்மி திரும்பப் பெறவில்லை என்று சொல்ல முடியாது. காலையில் இட்லிக்கு அவிழ்ப்பாள், மத்தியானம் அவர் மறுபடி கட்டுவார். இந்தக் குடித்தனம் இப்படிப் பல வருஷம் தாளம் தவறாமல் நடந்தது.

உருளியில்தான் தாளம் தப்பியது. நல்ல கனத்த வெண்கலம், இருவர் பிடித்துத் தூக்க வேண்டியது. ஒவ்வொரு நவமிக்கும் ஜெயலக்ஷ்மி அதில்தான் நெய்ப்பாயசம் வைப்பாள். போன நவமி முடிந்ததும் சேஷன் அதன் வாயைப் பிளைவுட் பலகையால் மூடி, கிளாம்ப் போட்டு இறுக்கி, விளிம்பைச் சுற்றி எம்சீல் பசை அப்பி, உலக்கையைக் கழுத்தாக நிறுத்தி, சைக்கிள் பிரேக் கம்பிகளை இழுத்துக் கட்டிவிட்டார். இது அவிழ்த்துக் கட்டுகிற ஜாதியில்லை. மீட்டினால், ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் கனத்த சரீரம் ஒன்று புரண்டு படுப்பது போல ஓர் ஓசை வரும். கும்பகர்ண வீணை என்று பெயர். எழுப்ப வேண்டாம் என்று தெருவில் எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள்.

இத்தனை வாத்தியம் இருந்தும் சேஷனுக்கு ஒரு குறை. கேட்க ஆள் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பல்லவி முடிவதற்குள் பால்காரன் வருகிற நேரம் என்று எழுந்து போவார்கள். பால்காரன் விடிகாலையில் வருகிறவன் என்பதைச் சேஷன் மரியாதை கருதி எடுத்துச் சொல்வதில்லை. ஒரு கீர்த்தனையை முழுதாகக் கேட்டவள் ஜெயலக்ஷ்மி ஒருத்திதான். அதற்கும் காரணம் அடுக்களைக்கு வேறு வாசல் இல்லாததுதான். வருஷா வருஷம் கோட்டைக்குள் நவராத்திரிக் கச்சேரிக்குப் போவார். வித்வான் மேடையேறி உட்கார்ந்து சுருதி சேர்க்கும்போது இவரும் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார். பட்டம் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். நாலு வரிசை ஜனங்கள் எதிரில் உட்கார்ந்து, நடுவில் எழுந்து போகாமல், கடைசியில் கை தட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை. சமூகத்து மேடையில் அந்த ஒரு தடவையைக் கேட்டு ஒவ்வொரு நவராத்திரிக்கும் கமிட்டிக்கு வந்தார். ஒவ்வொரு நவராத்திரிக்கும் நிகழ்ச்சிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன.

எனவே காதை அறுத்து வைக்கும் பிரகடனத்தைக் கேட்டதும் கல்யாணராமன் சற்று யோசித்தார். மாறுவேடப் போட்டி முப்பது வருஷம் நடத்தியவர். இல்லை என்று சொல்லாமலே இல்லை என்பது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

“அப்படீன்னா ஒண்ணு செய்யும் ஓய். அஷ்டமி சாயங்காலம் பூஜை வெக்கறச்சே உம்ம வாத்தியம் எல்லாத்தையும் சரஸ்வதி முன்னால வையும். தசமி காலம்பற பூஜை எடுக்கற வரைக்கும் கை படப்படாது. சரஸ்வதி ஒத்துண்டா சமூகமும் ஒத்துக்கும். தசமி சாயங்காலம் மேடை உமக்காக்கும்.”

நடுவில் கை பட்டுவிட்டால் என்ன என்று சேஷன் கேட்டார்.

“பட்டா அது பாத்திரம். பாத்திரத்துக்கு எதுக்கு மேடை? அதுக்கு அடுக்களை மதி, போறும்.”

மலையாள தேசத்து வழக்கம் அது. புத்தகம், எழுதுகோல், தொழில் கருவி, வாத்தியம் எல்லாவற்றையும் அஷ்டமி மாலை பூஜையில் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை படிக்கக்கூடாது, தொழில் செய்யக்கூடாது, வாசிக்கக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருஷம் முழுவதும் ஏங்கிக் காத்திருக்கும் பக்தி இது ஒன்றுதான். கல்யாணராமனின் கணக்கோ வேறு. சேஷதரங்கத்தைச் செருப்பில்லாமல் வாசிக்க முடியாது. செருப்பைச் சரஸ்வதிக்கு எதிரே வைக்க ஜெயலக்ஷ்மி சம்மதிக்கமாட்டாள். வாத்தியம் முழுமையாகப் பூஜையில் ஏறாவிட்டால் மேடையும் இல்லை. விஷயம் செருப்பில் தட்டி விழுந்துவிடும்.

விழவில்லை. சேஷன் புரோகிதர் வெங்கடேஸ்வரனிடம் போய் வழக்காடினார். வயலினை வைக்கும்போது வில்லையும் சேர்த்துத்தானே வைக்கிறோம், இந்த வாத்தியத்துக்கு வில் ஹவாய்ச் செருப்பு, ரப்பரின் மேல் சரஸ்வதிக்கு என்ன கோபம் என்று கேட்டார். புரோகிதர் சாஸ்திரத்தை மனசுக்குள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, காலில் போடாத புதுச் செருப்பு என்றால் தோஷமில்லை என்று வழி சொன்னார். புதுச் செருப்பில் நாதம் வராது, நாலு வருஷமாவது தேய்ந்திருக்க வேண்டும் என்றார் சேஷன். இருவரும் சாப்பாட்டு வேளை தாண்டியும் விவாதித்தார்கள். கடைசியில், செருப்பு வாசப்படிக்கு வெளியே உள்ளே பார்த்தபடி இருக்கட்டும், பாவனையில் மட்டும் பூஜையில் இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. பசி வந்தால் சாஸ்திரமும் வழிவிடும்.

அஷ்டமி மாலை கொலுப்படிக்குக் கீழே கோலம் போட்டுப் பலகை விரித்தாகிவிட்டது. சேஷன் பட்டுக்கரை வேஷ்டியோடு சேஷதரங்கத்தையும் கும்பகர்ண வீணையையும் சிரட்டைகளையும் கொண்டுவந்து வைத்தார். ஜெயலக்ஷ்மி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

பெரிய வாத்தியங்கள் போதாதா என்றார் அவர். கமிட்டியில் ஒரு கரண்டியைக்கூட விடவில்லையாமே, தெரு முழுக்கப் பேச்சாக இருக்கிறதே, சொன்னது சொன்னபடி நடக்க வேண்டாமா என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்க் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சேஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இவளாவது நம் கலையைப் புரிந்துகொண்டாளே என்று உருகி, தானும் உள்ளே ஓடினார். இட்லிப் பானை, வாணலி, பால் பாத்திரம், பில்டர், துருவி, டபரா டம்ளர், அரிவாள்மணை எல்லாம் அவர் கையாலேயே வந்து சேர்ந்தன. குளியலறை வாளியும் அதற்குள் கிடந்த செம்பும் வந்தன. அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் இட்டுப் பூச்சூட்டினார். ஜெயலக்ஷ்மியின் அந்தக் காலத்து டீச்சர்ப் புத்தகங்களுக்கு இடமில்லாமல் போய், அவை வாணலிக்குள் உட்கார்ந்தன. அடுக்களை சுத்தமாகத் துடைத்த கரும்பலகை மாதிரி ஆயிற்று. தீபாராதனை காட்டும்போது இப்படி ஒரு வாத்தியக் கோஷ்டி எந்த மகாராஜா காலத்திலும் பூஜையில் உட்கார்ந்ததில்லை என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

பூஜை முடிந்து பசி எடுத்ததும், ராத்திரி பலகாரம் என்ன என்று கேட்டார்.

“எதுல?” என்றாள் ஜெயலக்ஷ்மி.

அந்த ஒரு சொல்லைச் சுற்றிச் சேஷன் கொஞ்ச நேரம் நடந்து பார்த்தார். வழி கிடைக்கவில்லை. பழைய நியூஸ்பேப்பரில் அவலைக் கொட்டி, வெல்லத்தைக் கையால் உடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சிரட்டையிலாவது நனைத்துத் தின்றிருக்கலாம், சிரட்டைக்கும் சந்தனம் இட்டாகிவிட்டது. கலைஞன் என்றால் கொஞ்சம் கஷ்டம் உண்டு, தசமி சாயங்காலம் மேடையில் எல்லாம் சரியாகிவிடும் என்று உலர்ந்த அவலை மென்றபடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனைவி சாப்பிட்டாளா என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வீட்டில் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

நவமி காலையில் குளிக்க வாளி இல்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கரமனையாற்றுப் படித்துறைக்குக் கிளம்பினார். தெரு முனையில் கல்யாணராமனின் மருமகள் ஆஷா ஸ்கூட்டரை நிறுத்தினாள். முந்தின நாள் சாயங்காலம் வெற்றிலை பாக்கு வாங்க அவர்கள் வீட்டுக்கு வந்துபோனவள்.

“எந்தா மாமா, படித்துறைப் பக்கம்? குளிமுறிப் பைப்புல வெள்ளம் வரலையா?”

மோட்டார் ரிப்பேர் என்றார் சேஷன். தண்ணீர் அலுவலகத்தில் இருந்தவருக்கு இந்தப் பொய் சரளமாக வரும்.

ஆஷா ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. “மாமியை நான் நேத்திக்கே கவனிச்சேன் மாமா. கொலுப்படியைப் பிடிச்சுண்டு நிக்கறா. காப்பி கொண்டுவந்து தரட்டேன்னேன், நவமி நைவேத்யம் ஆகாம ஒண்ணும் எறங்காதுன்னுட்டா. பிரஷர் மாத்திரையை வெறும் வயத்துல முழுங்கறா. இன்னிக்குக் காலம்பறயும் ஒண்ணும் ஆகலையாம். நீங்க ஒண்ணு சொல்லப்படாதா?”

சொல்கிறேன் என்றார். ஆற்றில் மூன்று முழுக்குப் போடுவதாக இருந்தவர் ஒன்றோடு கரையேறிவிட்டார்.

பூஜை வைத்தபின் நவமி நைவேத்தியம் ஆகும்வரை உபவாசம் இருப்பது ஜெயலக்ஷ்மியின் வழக்கம். சாதாரணமாக நவமி விடிந்ததும் உருளியை அடுப்பில் ஏற்றிவிடுவாள், உபவாசம் ஒரு ராத்திரியோடு போய்விடும். இந்த வருஷம் பாயசம் எப்போது என்று பஞ்சாங்கத்தில் இல்லை. வீட்டுக்குள் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உதிரிப் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நார் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது.

சேஷன், வாழைப்பழத்தை வைத்து நைவேத்தியம் பண்ணிவிடலாமே என்றார். பழம் வைத்தால் பழத்துக்குப் பூஜை ஆகும், நவமிக்கு ஆகாது என்றாள் அவள். ஆஷா வீட்டில் ஒரு பாத்திரம் கேட்டு வாங்கலாம் என்றார். வாத்தியக்காரன் பெண்டாட்டி பாத்திரம் இரவல் கேட்டுக்கொண்டு வந்தாள் என்று தெருவில் நாலு பேர் பேசட்டுமா என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் சேஷனுக்குப் பதில் தெரிந்திருக்கும். முப்பத்தைந்து வருஷ அனுபவம்.

“பின்னே என்னதான் பண்ணச் சொல்றாய் ஜெயம்?”

“நான் என்ன சொல்ல? வாத்தியமா இருந்தா நாளைக் காலம்பற வரைக்கும் தொடக்கூடாது. பாத்திரமா இருந்தா இப்பவே தொடலாம். எதுன்னு நீங்கதான் சொல்லணும். அங்கே உக்காந்திருக்கறது உங்களோடது.”

சொல்லிவிட்டுப் பூவைக் கீழே வைத்தாள். கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொள்கிறேன் என்று உள்ளறைக்குப் போனாள். போகும்போது கதவு நிலையை ஒரு தரம் பிடித்துக்கொண்டாள்.

சேஷன் கொலுவுக்கு எதிரே நின்றார். சரஸ்வதி தன் வீணையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வீணையை யாரும் பாயசத்துக்குக் கேட்பதில்லை. நாளைச் சாயங்காலத்தை அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். விரித்த ஜமக்காளம், நாலு வரிசை ஜனங்கள், கடைசியில் கை தட்டல். எல்லா வரிசையிலும் முகங்கள் சரியாக வந்தன. முன்வரிசையில் ஓர் இடம் மட்டும் திரும்பத் திரும்பக் காலியாகவே வந்தது. வேறொருவரை அங்கே உட்கார்த்திப் பார்த்தார். பொருந்தவில்லை.

இதைத் தியாகம் என்று எழுதி நாலு வரி உருகலாம். ஆனால் நடந்தது அப்படியில்லை. ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று தேடியதில் பாதி நேரம் போயிற்று. அதையும் கருவி என்று பூஜையில் வைத்திருந்தார். சரஸ்வதியின் பக்கம் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டார். கும்பகர்ண வீணையை இழுத்து இழுத்து அடுக்களைக்குக் கொண்டுபோய், பிரேக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். அவை ஓசையெழுப்பாமல் இருக்க விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உலக்கை கழன்று வந்தது. கிளாம்ப் வந்தது. எம்சீல் வரவில்லை. விளிம்பு நெடுக ஸ்க்ரூ டிரைவரால் கிண்டிக் கிண்டித்தான் எடுக்க முடிந்தது, பிளைவுட் இரண்டாகப் பிளந்தது. மறுபடி அப்பினால் காய்ந்து இறுக ஒரு முழு நாள் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் பிளந்த பலகையை ஒன்று சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூலையில் சாத்தினார்.

உருளியைப் புளி போட்டுத் தேய்த்தார். சந்தனமும் குங்குமமும் எம்சீல் பொடியும் கலந்து ஓடின. நெய்ப்பாயசத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதை எப்படிச் சாப்பிடுவது என்பது மட்டும்தான். அரிசி இருந்தது, வெல்லம் இருந்தது, நெய் இருந்தது. இந்த மூன்றும் இருந்தால் மிச்சம் தன்னால் நடக்கும் என்று நம்பினார். கிளறுவதற்கு அந்த நீளக் கரண்டியை எடுத்தார். அது சலசலவென்று ஒலித்தது. சட்டென்று கையால் பொத்திக்கொண்டு உள்ளறைப் பக்கம் பார்த்தார். சலங்கைகளை ஒவ்வொன்றாக அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கிளறினார்.

நீர் கொதித்தது. வெல்லக் கட்டியை எடுத்தார்.

“இப்போ போடாதேங்கோ,” என்றாள் ஜெயலக்ஷ்மி. எப்போது எழுந்து வந்தாளோ, நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். “அரிசி வேகலை.”

அவர் வெல்லத்தைத் திரும்ப வைத்தார். அவள் பக்கத்தில் வந்து தீயைக் கொஞ்சம் குறைத்தாள். மூலையில் சாத்தியிருந்த பலகையைப் பார்த்தாள். அடுப்புக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை விடாமல் கிளறவேண்டும், வலப்பக்கமாகவே கிளறவேண்டும், இல்லாவிட்டால் கட்டிதட்டும் என்று மட்டும் சொன்னாள். சேஷன் வலப்பக்கமாகவே கிளறினார். அரிசி வெந்து வெல்லம் சேர்ந்து பாகு கொப்புளம் விடும்வரை அவள் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. கல்யாணராமன். நேற்று சாயங்காலத்திலிருந்து தெருவில் அந்த வாத்தியப் பூஜையைப் பற்றித்தான் பேச்சு, மாறுவேடப் போட்டியைவிட இதற்குத்தான் கூட்டம் வரும் போலிருக்கிறது என்று அவருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. கூடத்திலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். மைக் செட்காரனிடம் சொல்லியாகிவிட்டதாம். கோட்டையிலிருந்தும் சிலர் வருகிறார்களாம். அந்தப் பெரிய வீணைக்கு மட்டும் தனி மைக் வேண்டுமா, தரையோடு வைத்தால் போதுமா என்று கேட்டுக்கொண்டே அடுக்களை வாசலுக்கு வந்தவர், அங்கேயே நின்றார்.

மூலையில் கிடந்த உலக்கையைப் பார்த்தார். பிரேக் கம்பிகளைப் பார்த்தார். ஜெயலக்ஷ்மியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அடுப்புல என்னதது ஓய்?”

சேஷன் திரும்பவில்லை. கை வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.

“உருளி,” என்றார். கொஞ்சம் கழித்து, “அடிபிடிக்கப் போறது. அந்த நெய்க் குப்பியை இப்படி நீட்டும்.”